இன்ஃபுளூயன்சா பரவலுக்கு நெல்லையின் அவசரப் பணியாளர்களைத் தயார்செய்வது எப்படி?

தொற்றுக்காய்ச்சல் பயிற்சி என்ற பெயரில் நம் பக்கத்தில் பெரும்பாலும் நடப்பது ஒரு மண்டபக் கூட்டம். வரவேற்புரை, புரொஜெக்டரில் கை கழுவும் படம், மதியச் சாப்பாடு, குழுப்படம். வந்தவர்கள் மறுநாள் பணிக்குத் திரும்பியதும் பழையபடி மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டுக்கொண்டு நோயாளியைத் தூக்குகிறார்கள். இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. நோயாளிகள் குவியும் அதே வாரத்தில், அவர்களைத் தூக்க வேண்டியவர்களும் படுத்துவிடுவார்கள் என்பதை அந்தக் கூட்டங்களில் யாரும் பேசுவதில்லை. 108 வண்டியின் பைலட் (ஓட்டுநரை அப்படித்தான் அழைக்கிறார்கள்), மருத்துவ உதவியாளர், தீயணைப்பு வீரர், வார்டு தூய்மைப் பணியாளர், காவல் நிலைய ஏட்டையா என எவருக்கும் இதிலிருந்து விலக்குக் கிடையாது. அமெரிக்க அரசு 2006-இல் வகுத்த பெருந்தொற்றுத் திட்டம், உச்ச வாரங்களில் பணியாளர்களில் 40 சதவீதம் பேர் வரமாட்டார்கள் என்று வைத்துக்கொண்டே கணக்குப் போட்டது. நம் பயிற்சியும் அந்த இடத்திலிருந்து தொடங்கினால்தான் உருப்படியாக இருக்கும்.

வட்டார அளவில் பயிற்சி நடத்தப்போகும் சுகாதார ஆய்வாளர்கள், தீயணைப்பு நிலைய அலுவலர்கள், ஆம்புலன்ஸ் மேற்பார்வையாளர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். தென்காசி 2019-இல் தனி மாவட்டமாகப் பிரிந்துவிட்டது. ஆனாலும் நோய் முற்றிய பலர் இன்றும் வந்து சேருமிடம் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி, அதாவது திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைதான். ஆகவே இரு மாவட்டத்தாரும் சேர்ந்து உட்காருவது நல்லது.

முதல் படி: நாளையும் ஆட்களையும் முடிவுசெய்வது

தமிழகத்தில் இன்ஃபுளூயன்சா வடகிழக்குப் பருவமழையோடு தலைதூக்கும். சென்னையில் அக்டோபர், நவம்பர் மாதங்களில் உச்சம் தெரியும். ஆகவே பயிற்சி ஆவணியில் தொடங்கிப் புரட்டாசி பாதிக்குள் முடிய வேண்டும். ஐப்பசியில் மண்டபம் தேடினால் கல்யாண வீட்டாருடன்தான் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்; அதற்குள் காய்ச்சலும் வந்துவிட்டிருக்கும்.

ஒரு குழுவில் 20 அல்லது 25 பேர் போதும். அதற்கு மேல் போனால் பாதிப்பேர் வேடிக்கை பார்ப்பார்கள். ஒரே துறையினரை ஒன்றாக உட்கார வைக்காதீர்கள். 108 ஊழியர்கள், தீயணைப்பு மற்றும் மீட்புப் பணித் துறையினர், காவலர்கள், கிராம சுகாதார செவிலியர்கள், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத் தன்னார்வலர்கள், கிராம நிர்வாக அலுவலர்கள், தனியார் ஆம்புலன்ஸ் ஓட்டுநர்கள், தூய்மைப் பணியாளர்கள் எல்லாரும் கலந்து இருக்கட்டும். தூய்மைப் பணியாளர்களைக் கடைசி வரிசையில் உட்காரவைத்து, தேநீர் கொடுக்க மட்டும் எழுப்பும் வழக்கத்தை அன்றைக்காவது விட்டுவிடுங்கள். நோயாளி வீட்டுக் குப்பையையும், வண்டியிலிருந்து இறங்கும் மருத்துவக் கழிவையும் முதலில் தொடுபவர்கள் அவர்கள்தாம்.

ஒரே நாளில் எட்டு மணி நேரம் பேசுவதைவிட மூன்று அரை நாள்கள் நடத்துவது மேல். முதல் அரை நாளில் நோயும் பிரித்தறிதலும், இரண்டாவதில் கவசமும் வண்டியும், மூன்றாவதில் ஒத்திகை.

தடுப்பூசியையும் இந்தச் சமயத்திலேயே போட்டுவிட வேண்டும். வைரஸ் உருமாறிக்கொண்டே இருப்பதால் ஆண்டுதோறும் புதிதாகப் போட வேண்டிய ஊசி இது. உலக சுகாதார நிறுவனம் பிப்ரவரியில் வடகோளத்துக்கும் செப்டம்பரில் தென்கோளத்துக்கும் ஊசியின் கலவையைப் பரிந்துரைக்கிறது. போட்ட பின் எதிர்ப்பாற்றல் உருவாக ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். முதல் அரை நாளன்றே ஒரு மூலையில் மேசை போட்டு, செவிலியரை உட்கார வைத்துவிட்டால் தனியாக முகாம் நடத்தும் வேலை மிச்சம்.

இரண்டாம் படி: நோயைச் சொல்லிக்கொடுப்பது

இதற்கு ஒரு மணி நேரம் போதும். வைரஸின் படத்தைக் காட்டிப் புரதங்களின் பெயர்களை ஒப்பிப்பது இவர்களுக்குப் பயன்படாது. பணியில் கைகொடுக்கும் எண்கள் சில உண்டு. அவை மனத்தில் பதிந்தால் சரி.

தொற்று உடலுக்குள் போன பின் அறிகுறி தெரிய ஒன்று முதல் நான்கு நாள் ஆகும்; பெரும்பாலும் இரண்டு நாள். அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே பிறருக்குப் பரவும். அதன்பின் ஐந்து முதல் ஏழு நாள்வரை நீடிக்கும். குழந்தைகளிடமும் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களிடமும் இன்னும் நீளும். இருமல், தும்மல் துளிகள் அருகில் இருப்பவரைத் தாக்குகின்றன. அடைத்த இடத்தில் நுண்துளிகள் காற்றில் தங்குகின்றன. ஸ்டீல், பிளாஸ்டிக் போன்ற கடினப் பரப்புகளில் வைரஸ் ஒரு நாள் முதல் இரண்டு நாள்வரை உயிர்ப்போடு இருக்கும். ஸ்ட்ரெச்சர் கைப்பிடியை ஏன் துடைக்க வேண்டும் என்று கேட்பவருக்கு இந்த ஒரு வரியே பதில்.

பன்றிக்காய்ச்சல் என்ற பெயரைக் கேட்டதும் சிலர் மிரளுவார்கள். 2009 ஜூன் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் பெருந்தொற்றாக அறிவித்த அந்த எச்1என்1 வைரஸ், இப்போது ஆண்டுதோறும் வந்துபோகும் பருவக் காய்ச்சல்களில் ஒன்றாகிவிட்டது என்று விளக்குங்கள். பன்றிக்கறி சாப்பிடுவதற்கும் அதற்கும் தொடர்பில்லை என்பதையும் சொல்லிவிடுங்கள்.

நிலவேம்புக் கஷாயம் பற்றிக் கண்டிப்பாகக் கேட்பார்கள். பாளையங்கோட்டையிலேயே அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கும்போது கேட்காமல் இருந்தால்தான் வியப்பு. குடிப்பவர் குடிக்கட்டும், வாதம் செய்ய வேண்டாம். ஆனால் மூச்சு முட்டும் ஒருவரைக் கஷாயம் வேலைசெய்யட்டும் என்று வீட்டில் வைத்திருக்க விடக்கூடாது.

மூன்றாம் படி: யாரை எங்கே அனுப்புவது

மத்திய சுகாதாரத் துறை இன்ஃபுளூயன்சா நோயாளிகளை ஏ, பி, சி என மூன்றாகப் பிரிக்கிறது. பயிற்சியில் மிக அதிக நேரம் செலவிட வேண்டிய பாடங்களில் இது ஒன்று; பரவல் காலத்தில் வண்டியும் படுக்கையும் இந்தப் பிரிவினையை நம்பித்தான் ஓடும்.

லேசான காய்ச்சல், இருமல், தொண்டை வலி, உடல்வலி மட்டும் இருந்தால் ஏ பிரிவு. பரிசோதனை தேவையில்லை, வீட்டில் தனித்திருந்தால் போதும். ஓரிரு நாளில் மறுபடி பார்க்க வேண்டும். கடும் காய்ச்சலும் கடும் தொண்டை வலியும் இருப்பவர்கள் பி பிரிவு. அறிகுறி லேசாக இருந்தாலும் கர்ப்பிணிகள், முதியவர்கள், சர்க்கரை நோயாளிகள், இதயம், நுரையீரல், சிறுநீரகம், கல்லீரல் கோளாறு உள்ளவர்கள் ஆகியோரும் இதில் அடங்குவர். இவர்களுக்கு மருத்துவர் ஒசல்டாமிவிர் எழுதித் தருவார். பெரியவர்களுக்கு 75 மில்லிகிராம், நாளைக்கு இரு வேளை, ஐந்து நாள். அறிகுறி தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால் பலன் அதிகம். ஆகையால் பி பிரிவினரை, பொறுத்துப் பார்ப்போம் என்று நிறுத்திவைக்காமல் அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மயக்கம் போன்ற சோர்வு, ரத்த அழுத்தம் சரிதல், சளியில் ரத்தம், நகம் நீலம் பாரித்தல், குழந்தை பால் குடிக்க மறுத்தல் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் சி பிரிவு. நேரே ஆஸ்பத்திரி.

இதை மனப்பாடம் செய்யவைக்காதீர்கள். அட்டையில் ஒவ்வொரு நோயாளியாக எழுதிக் கொடுத்துப் பிரிக்கச் சொல்லுங்கள். நம் ஊர் ஆட்களாகவே அட்டைகள் இருக்கட்டும். முக்கூடலில் நாற்பது வருடமாகப் பீடி சுற்றும் ஆச்சி, “எனக்கு எப்போதும் இளைப்பு உண்டு, புதிதாக ஒன்றுமில்லை” என்கிறார். அவரை எப்படிப் பிரிப்பது? வழக்கமான இளைப்பா, நேற்றிலிருந்து கூடியதா என்று கேட்கத் தெரிந்தவர்தான் தேறியவர். விரலில் ஆக்சிமீட்டரை மாட்டி, ரத்த ஆக்சிஜன் 94 சதவீதத்துக்குக் கீழே காட்டினால் நேரே ஆஸ்பத்திரி, பேச்சு முடிந்தது. குழந்தைகளுக்கு மூச்சை ஒரு நிமிடம் முழுதும் எண்ண வேண்டும்: இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் நிமிடத்துக்கு 50 அல்லது அதற்கு மேல், ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் 40 அல்லது அதற்கு மேல் என்றால் ஆபத்து. கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணும் பழக்கத்தைச் உடன் பயிற்சிக்கு வந்தவர்மீதே செய்துபார்க்கச் சொல்லுங்கள்.

டெங்குவும் இதே மாதங்களில்தான் வரும் என்பதால் ஒரு எச்சரிக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் எது என்று கண்டுபிடிப்பது இவர்கள் வேலையில்லை. பாராசிட்டமால் தவிர வேறு வலிநிவாரணியைத் தாமாகக் கொடுக்கக்கூடாது, குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் அறவே கூடாது என்ற அளவில் நிறுத்திக்கொள்ளலாம்.

நான்காம் படி: கவசம் போடுவது, அதைவிடக் கவனமாகக் கழற்றுவது

சாதாரண இருமல் நோயாளியைக் கையாள மூன்றடுக்கு அறுவைசிகிச்சை மாஸ்க் போதும். தொண்டையில் சளி உறிஞ்சுவது, நெபுலைசர் வைப்பது, மார்பழுத்தம் கொடுப்பது, மூச்சுக்குழாய் செருகுவது போன்ற வேலைகளுக்கும், அடைத்த வண்டிக்குள் நீண்ட பயணத்துக்கும் என்95 வேண்டும். எல்லாவற்றுக்கும் என்95 என்று அள்ளிப் போட்டால், உண்மையில் தேவைப்படும் வாரத்தில் கையிருப்பு இருக்காது.

என்95 முகத்தோடு ஒட்ட வேண்டும். மூக்கின்மேல் உள்ள கம்பியை இரு கை விரலாலும் அழுத்தி, வேகமாக மூச்சு விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஓரத்தில் காற்று கசிந்தால் மறுபடி சரிசெய்ய வேண்டும். தாடி இருந்தால் ஒட்டாது. இங்கே நம் ஊர்ச் சிக்கல் ஒன்று வரும். காய்ச்சல் இன்னும் ஓயாத கார்த்திகை, மார்கழியில் ஐயப்பனுக்கு மாலை போட்டிருக்கும் ஊழியர்கள் தாடியோடு இருப்பார்கள். மார்க்கத்துக்காகத் தாடி வைத்திருப்பவர்கள் ஆண்டு முழுவதும் இருப்பார்கள். இருவரையும் சவரம் செய்யச் சொல்லி மல்லுக்கு நிற்க வேண்டாம். பணிப்பட்டியலைப் போடும்போதே அவர்களை ஓட்டுநர் பக்கமும் வெளிப்பணிக்கும் ஒதுக்கி, சளி உறிஞ்சும் வேலையை மற்றவர்களிடம் கொடுத்தால் பிரச்சினை அத்தோடு தீர்ந்தது. பட்டியலைப் புரட்டாசியிலேயே எழுத வேண்டும் என்பதுதான் இதில் சூட்சுமம்.

கவசத்தைப் போடும்போது எவரும் நோய் வாங்குவதில்லை; கழற்றும்போதுதான் வாங்குகிறார்கள். அசதியில், அவசரத்தில், கையுறையோடு மாஸ்க்கின் முன்பக்கத்தைப் பிடித்து இழுத்துவிடுவார்கள். இதை வாயால் சொல்லி எவரும் திருந்தியதில்லை. ஒரு எளிய வழி இருக்கிறது. கையுறையின்மேல் சொட்டு நீலமோ குழைத்த மஞ்சளோ தாராளமாகப் பூசிவிடுங்கள். கவசத்தைக் கழற்றச் சொல்லுங்கள். முடிந்ததும் முகம், கழுத்து, முழங்கை, சட்டைப் பொத்தான், பையிலிருக்கும் செல்போன் என்று நீலம் எங்கெல்லாம் ஒட்டியிருக்கிறது என்று எல்லாரும் சேர்ந்து தேடுங்கள். சிரிப்பும் கேலியுமாகத்தான் நடக்கும். ஆனால் அன்று தன் கன்னத்தில் நீலத்தைப் பார்த்தவர் கையுறையோடு போனை எடுக்க மாட்டார்.

கழற்றும் வரிசை: முதலில் கையுறை, கையைச் சுத்தம் செய்வது, பிறகு கவுன், மறுபடி கை, பிறகு கண்ணாடி, கடைசியாக, நோயாளியையும் வண்டியையும் விட்டு விலகி வந்தபின், நாடாவை மட்டும் பிடித்து மாஸ்க், மறுபடி கை. கிருமிநாசினி என்றால் 20 முதல் 30 விநாடி, சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 விநாடி. ஒவ்வொருவரும் தவறில்லாமல் செய்து முடிக்கும்வரை திரும்பத் திரும்ப நடக்கட்டும். இதற்காக மற்றப் பாடங்களின் நேரத்தைக் குறைத்தாலும் நட்டமில்லை.

ஐந்தாம் படி: வண்டி

அழைப்பு வந்ததும் வாசலில் நின்றே கேட்கும் கேள்விகளைப் பழக்குங்கள். காய்ச்சலோடு இருமல் உண்டா, எத்தனை நாளாக, வீட்டில் வேறு யாருக்காவது உண்டா. உள்ளே ஒருவர் மட்டும் போகட்டும். முதல் வேலை நோயாளிக்கு மாஸ்க் போடுவது: “அண்ணாச்சி, இதைப் போட்டுக்கொள்ளுங்கள், மூச்சு முட்டினால் உடனே சொல்லுங்கள்.” ஆக்சிஜன் வைக்க வேண்டிய நோயாளிக்கு ஆக்சிஜன்தான் முதலில்.

நம் ஊரில் ஒரு ஆளை ஏற்றினால் தெருவே ஏறப் பார்க்கும். ஒரு துணையாளுக்கு மேல் வேண்டாம் என்று சொல்லும் பேச்சையும் நடித்துப் பழக வேண்டும். சித்தப்பா, மாமா, ஊர்ப் பெரியவர் என்று மூன்று பேர் சட்டம் பேசும்போது முகம் சுளிக்காமல், “மற்றவர்கள் பைக்கில் பின்னால் வாருங்கள், வாசலிலேயே உங்களைப் பார்க்கிறேன்” என்று சொல்லக் கற்றவருக்குப் பாதி வேலை முடிந்தது. ஓட்டுநர் அறைக்கும் பின்பகுதிக்கும் நடுவே உள்ள ஜன்னல் மூடியிருக்கட்டும், பின்பக்க ஜன்னல்கள் திறந்திருக்கட்டும், காற்று வெளியேற்றும் விசிறி ஓடட்டும். உள்காற்றையே சுழற்றும் நிலையில் ஏசி ஓடக்கூடாது.

ஆக்சிஜன் கணக்கை எல்லாரும் போடத் தெரிந்திருக்க வேண்டும். பி வகை சிலிண்டர் நிறைந்திருந்தால் சுமார் 1500 லிட்டர். நிமிடத்துக்கு 10 லிட்டர் ஓடினால் 150 நிமிடம், 15 லிட்டர் ஓடினால் 100 நிமிடம். இப்போது கேள்வி: காரையாருக்கு மேலே காணிக் குடியிருப்பு ஒன்றிலிருந்து ஒரு சி பிரிவு நோயாளி. மலைப்பாதை இறங்கி, பாபநாசம், அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி வழியாகப் பாளையங்கோட்டை வர மழையோடு இரண்டு மணி நேரம் என்று வையுங்கள். ஒரு சிலிண்டர் போதுமா? போதாது என்றால் அடுத்தது எங்கே கிடைக்கும், அம்பாசமுத்திரம் அரசு மருத்துவமனையில் நிறுத்தி நிலைப்படுத்துவதா? இந்தக் கணக்கைச் சுவரில் எழுதி விவாதிக்கும் அரை மணி நேரம் பத்துச் சொற்பொழிவுக்குச் சமம்.

ஆஸ்பத்திரிக்கு முன்கூட்டியே போன் செய்து, எந்த வாசல், எந்த வார்டு என்று கேட்டுக்கொள்ள வேண்டும். இறக்கிய பின் வண்டியைச் சுத்தம் செய்ய ஒரு சதவீத ஹைப்போகுளோரைட் கரைசல் போதும். கடையில் கிடைக்கும் ஐந்து சதவீதக் கரைசல் ஒரு பங்குக்குத் தண்ணீர் நான்கு பங்கு. பிளீச்சிங் பவுடர் என்றால், 33 சதவீதக் குளோரின் உள்ளது, லிட்டருக்கு 30 கிராம். துடைத்து 10 நிமிடம் விட்டு, உலோகப் பகுதியைத் தண்ணீரால் மறுபடி துடைக்க வேண்டும். அதோடு ஆசிட் எதையும் கலக்கக்கூடாது. கலந்தால் நச்சுக் குளோரின் வாயு எழும். மாஸ்க்கும் கவுனும் மஞ்சள் பையிலும், கையுறைகள் சிவப்புப் பையிலும் போக வேண்டும்.

ஆறாம் படி: ஆள் குறைந்த நாள்

பயிற்சியின் உயிர் இதுதான். இரண்டாம் அரை நாளின் முடிவில் ஒரு நிலையத்தின் உண்மையான பணிப்பட்டியலை மேசைமேல் விரியுங்கள். பெயர்களைச் சீட்டில் எழுதி, குலுக்கல் முறையில் பத்துக்கு நான்கு சீட்டுகளை எடுத்துவிடுங்கள். அவர்கள் அனைவரும் காய்ச்சலில் படுத்திருக்கிறார்கள். மீதிப் பேரை வைத்து நாளைக் காலைப் பணியை ஓட்டிக்காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலும் ஒரு பைலட் போனால் ஒரு வண்டியே நிற்கும், ஸ்டோர் சாவி ஒருவர் கையில் மட்டும் இருக்கும், மருத்துவமனையின் எண் ஒருவர் போனில் மட்டும் பதிந்திருக்கும். இதைக் கண்டுபிடிக்கத்தான் இந்த விளையாட்டு.

ஒவ்வொரு முக்கிய வேலைக்கும் மூன்று பேர் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும் என்பது இலக்கு. தீயணைப்பு நிலையத்தில் கனரக உரிமம் உள்ள ஓட்டுநர் ஆம்புலன்ஸை ஓட்ட எவ்வகை அனுமதி வேண்டும், காவலர் ஒருவர் ஸ்ட்ரெச்சர் பிடிக்கக் கற்றால் போதுமா என்று முன்பே பேசி எழுத்தில் வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். பரவல் நேரத்தில் அனுமதிக் கடிதத்துக்கு அலைந்தால், அந்தக் கடிதம் காய்ச்சல் போன பிறகுதான் வரும்.

யார் எப்போது வீட்டில் இருக்க வேண்டும் என்பதையும் எழுத்தில் சொல்லுங்கள். காய்ச்சல் மாத்திரை போடாமலேயே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்தால் மட்டுமே பணிக்குத் திரும்பலாம்; திரும்பிய பிறகும் இருமல் நிற்கும்வரை மாஸ்க் வேண்டும். இதைச் சொல்லும்போது ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர் ஒருவர் கை தூக்குவார், அல்லது தூக்காமல் மனத்துக்குள் கேட்பார்: வராவிட்டால் அன்றைய கூலி போய்விடுமே? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் பயிற்சி நடத்துவது வீண். நோயுள்ள நாளுக்குக் கூலி உண்டு என்ற உத்தரவைப் பயிற்சிக்கு முன்பே வாங்கி, அங்கேயே படித்துக்காட்டுங்கள். கூலி போகும் என்ற பயம் இருக்கும்வரை காய்ச்சலை மறைத்துக்கொண்டுதான் வருவார்கள்.

வீட்டுப் பொறுப்பும் இதில் சேரும். 108 ஊழியர்களில் வேறு மாவட்டத்திலிருந்து வந்து அறை எடுத்துத் தங்கியிருப்பவர்கள் உண்டு. அவர்கள் படுத்தால் கஞ்சி கொடுப்பவர் யார்? பள்ளி மூடினால் பெண் பணியாளரின் பிள்ளையைப் பார்ப்பது யார்? ஆளுக்கு ஒரு தாளில் எழுதி வாங்குங்கள்.

ஏழாம் படி: வெள்ளத்தோடு ஒரு ஒத்திகை

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இங்கு யாரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர். தாமிரபரணி ஊருக்குள் வந்தது, மண்டபங்களும் பள்ளிகளும் முகாம்களாயின. இன்ஃபுளூயன்சா பரவும் அதே பருவத்தில் ஜனங்கள் நெருக்கியடித்து ஒரு கூரையின் கீழ்ப் படுக்கும் நாள் அது. ஆகவே வெள்ளமும் காய்ச்சலும் சேர்ந்து வருவதாகவே ஒத்திகை இருக்கட்டும்.

ஒரு பள்ளிக்கூடத்தை முகாமாக வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பது பேர் நோயாளிகளாகவும் மற்றவர்களாகவும் நடிக்கட்டும். கல்லூரி மாணவர்களை அழைத்தால் உற்சாகமாக வருவார்கள். வாசலிலேயே இருமல் உள்ளவர்களைப் பிரித்து, ஜன்னல்கள் திறந்த தனி வகுப்பறை, தனிக் கழிப்பறை. படகில் மீட்கும் தீயணைப்பு வீரர் நனைந்த மாஸ்க்கை என்ன செய்வார்? நனைந்தால் அது பயன்படாது, மாற்று மாஸ்க்கை நீர்புகாத உறையில் போட்டுச் சட்டைப்பையில் வைத்திருக்க வேண்டும். இத்தகைய சின்ன விஷயங்கள் ஒத்திகையில்தான் வெளிப்படும். நடுவில், அறிவிப்பு எதுவும் இல்லாமல், இரண்டு பணியாளர்களை வெளியே இழுத்து, “உங்களுக்குக் காய்ச்சல், வீட்டுக்குப் போங்கள்” என்று சொல்லிவிடுங்கள். மற்றவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று பார்ப்பதுதான் தேர்வு.

பறவைகளைப் பற்றி ஒரு சிறு பாடம்

நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளத்தில் வலசைப் பறவைகள் வந்து தங்கிக் கூடு கட்டுகின்றன. மேற்கே கேரளத்தின் ஆலப்புழை, கோட்டயம் பகுதிகளில் வாத்துகளுக்குப் பறவைக்காய்ச்சல் பலமுறை வந்திருக்கிறது. மனிதருக்கு எளிதில் ஒட்டும் நோய் அன்று அது. என்றாலும் ஒட்டினால் கடுமை. கூட்டமாகப் பறவைகள் செத்துக் கிடப்பதாகத் தகவல் வந்தால், வெறுங்கையால் தூக்கி ஓடையில் போடக்கூடாது, சமைக்க எடுத்துப் போகவும் விடக்கூடாது. தள்ளி நின்று கால்நடைப் பராமரிப்புத் துறைக்கும் சுகாதாரத் துறைக்கும் சொல்ல வேண்டும். தொட்டவர் எவர் என்று பெயர் எழுதி, பத்து நாள்வரை காய்ச்சல் வருகிறதா என்று பார்க்க வேண்டும். கூந்தன்குளத்தார் பறவையைத் தங்கள் வீட்டுப் பிள்ளைபோல் பார்ப்பவர்கள். அவர்களிடம் அதட்டலாகப் பேசினால் தகவலே வராது.

கடைசிப் படி: சரிபார்ப்பு

ஒத்திகை முடிந்த அன்றே, களைப்பைப் பார்க்காமல், அரை மணி நேரம் உட்காருங்கள். ஒரு தாளில் மூன்று கட்டம்: எது சறுக்கியது, யார் சரிசெய்வது, எந்தத் தேதிக்குள். இளநிலைப் பணியாளர்கள் முதலில் பேசட்டும், அதிகாரிகள் கடைசியில். தாளின் நகலை நிலையச் சுவரில் ஒட்டுங்கள். ஐப்பசி நடுவில் ஒரு நாள் முன்னறிவிப்பின்றி நிலையத்துக்குப் போய் நான்கு விஷயங்களைக் கேளுங்கள்: மாஸ்க் இன்று எத்தனை இருக்கிறது, சிலிண்டரில் அழுத்தம் எவ்வளவு, ஊசி போடாதவர் யார், நாளைக் காலை பைலட் வராவிட்டால் வண்டியை எடுப்பது யார். நான்காவது கேள்விக்கு யோசிக்காமல் ஒரு பெயர் வர வேண்டும். வராவிட்டால் ஆறாம் படியை அந்த வாரமே திரும்ப நடத்துங்கள்.